ஒரு நரம்பு வலியின் வரலாறு



வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே நினைவுக்கு வருவது பள்ளிக்கூடத்துப் பழக்கம். அந்தப் பழக்கத்தைக் கரும்பலகையின் முன் நின்று பல்லாண்டுகள் வளர்த்தவர்களுள் நானும் ஒருவன். இன்று நான் சொல்லப்போவது வேறு வகையான வரலாறு. இடுப்பிலே தொடங்கிக் கால்விரல் வரையில் ஓடுகின்ற ஒரு வலியை மனிதர் எவ்வாறு அறிந்துகொண்டனர், கத்தியின்றி அதை ஆற்றும் வழிகளை எவ்வாறு தேடினர், அவ்வழிகளுள் எவற்றைப் பின்னர் கைவிட்டனர் என்பதே அந்த வரலாறு. வைத்தியர்கள் இவ்வலியைச் சியாட்டிகா என்று அழைக்கின்றனர். இடுப்பைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

இப்பொருளை நான் தேர்ந்துகொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அது எனக்குப் பெருமை தரக்கூடியதன்று. ஆயினும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2004ஆம் ஆண்டில், தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நான் தலைமையாசிரியனாக இருந்தேன். எங்கள் கணித ஆசிரியர் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பு என்னிடம் வந்து, இடக்காலில் தாங்க முடியாத வலி என்றும், உட்கார்ந்து விடைத்தாள் திருத்த இயலவில்லை என்றும் சொன்னார். காலைப் பார்த்தேன். வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை, காயமும் இல்லை. அதுமட்டுமன்று, அவர் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருப்பதை நான் அன்று காலையில்தான் கண்டிருந்தேன். நடக்க முடிகிறவருக்கு உட்கார முடியவில்லையாம்! ஆசிரியர் கூட்டத்தில் எல்லாரும் அமர்ந்திருக்க, அவர் மட்டும் சுவரிலே சாய்ந்து நின்றார். அதை நான் மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொண்டேன். வைத்தியரின் சான்றிதழைக் கொணர்ந்தார். சான்றிதழ் எங்கே கிடைக்காது என்று எண்ணினேன். முடிவில், கடமையில் அசட்டை காட்டியதாக ஒரு குறிப்பாணை எழுதி அவர் கையிலே கொடுத்தேன். அவர் மறுமொழி ஒன்றும் பேசாமல் கையொப்பமிட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த ஆண்டு மாறுதல் பெற்றுச் சென்றார்.

எட்டு ஆண்டுகள் கழிந்தன. 2012ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் பழைய பதிவேட்டுக் கட்டு ஒன்றைக் குனிந்து தூக்கினேன். முதுகிலே ஏதோ பிடித்தாற்போல் இருந்தது. மூன்றாம் நாள் அந்தப் பிடிப்பு, பின்னந்தொடை வழியாக இறங்கி, கெண்டைக்காலைக் கடந்து, பாதத்தின் சுண்டுவிரலில் போய் நின்றது. காய்ச்சிய கம்பியை உள்ளே செலுத்தியது போன்ற எரிச்சல். தும்மினால் உயிர் போயிற்று. நடந்தால் சற்றுக் குறைந்தது; உட்கார்ந்தாலோ பொறுக்க முடியவில்லை. பள்ளி திறந்தபின் தலைமையாசிரியர் நாற்காலி காலியாக இருக்க, நான் மேசையருகில் நின்றுகொண்டே கோப்புகளில் கையெழுத்திட்டேன். அப்பொழுதுதான் சுவரில் சாய்ந்து நின்ற அந்த உருவம் என் கண்முன் வந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்களே, அந்தப் பழமொழியின் பொருள் எனக்கு விளங்கிற்று.

வலி தணிந்தபின், இதைப்பற்றிப் படிக்கலானேன். படிக்கப் படிக்க ஓர் உண்மை புலப்பட்டது. நான் செய்த பிழையை மனித குலமே ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் செய்து வந்திருக்கிறது. வலிக்கின்ற இடத்தைப் பார்த்ததே தவிர, வலி பிறக்கின்ற இடத்தைப் பார்க்கவில்லை.

வரலாற்றுக்குள் நுழையுமுன் உடலின் அமைப்பைச் சிறிது தெரிந்துகொள்வது நல்லது. நம் முதுகெலும்பு ஒரே எலும்பு அன்று. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பல எலும்புகளால் ஆனது. அவ்வெலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற தட்டுகள் உள்ளன. ஊரிலே இவற்றைத்தான் ‘ஜவ்வு’ என்கிறோம். ஒவ்வொரு தட்டிலும் வெளியே உறுதியான நார் வளையமும், உள்ளே குழைவான பொருளும் இருக்கின்றன. நுங்கை நினைத்துக்கொண்டால் போதும். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் புறப்பட்டு ஒன்றுகூடி, உடம்பிலுள்ள நரம்புகளிலெல்லாம் பருமனான சியாட்டிக் நரம்பாகி, புட்டத்தின் வழியே பின்னந்தொடையில் இறங்கி, முழங்காலின் அருகே இரண்டாகப் பிரிந்து பாதம் வரையில் செல்கின்றன. தட்டின் வளையம் கிழிந்து உள்ளிருக்கும் குழைவு பிதுங்கி நரம்பு வேரைத் தொடுமானால், வலி அந்த இடத்தில் மட்டும் தோன்றுவதில்லை. அந்த வேர் எங்கே போய் முடிகிறதோ அங்கெல்லாம் தோன்றுகிறது. காவிரிப் பாசனத்து மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கடைமடை வயல் காய்கிறது என்றால் குற்றம் வயலில் இருக்க வேண்டுவதில்லை. எங்கோ மேலே மதகில் அடைப்பு இருக்கலாம். வயலிலே நின்று எத்தனை நேரம் மண்ணைக் கிளறினாலும் பயன் என்ன?

இனி வரலாற்றைப் பார்ப்போம்.

1862ஆம் ஆண்டில் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் எகிப்து நாட்டு லக்ஸர் நகரில் பழைய பாபிரஸ் சுருள் ஒன்றை விலைக்கு வாங்கினார். கி. மு. 1600 அளவில் படியெடுக்கப்பட்ட வைத்தியச் சுவடி அது. பிரெஸ்டட் என்னும் அறிஞர் அதை மொழிபெயர்த்து 1930இல் வெளியிட்டார். அதில் 48 நோயாளிகளின் நிலைமைகள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. கடைசி நோயாளிக்கு முதுகெலும்பில் சுளுக்கு. இரு கால்களையும் நீட்டச் சொல், பிறகு மடக்கச் சொல் என்று சுவடி வைத்தியனுக்குக் கட்டளையிடுகிறது. நீட்டியவன் வலி பொறுக்காமல் உடனே மடக்கிக்கொள்வான் என்றும் கூறுகிறது. காலை நீட்டினால் முதுகு வலிக்கும் என்ற தொடர்பை அந்தப் பழங்காலத்து வைத்தியன் கண்டுகொண்டான்! அடுத்தாற்போல், நோயாளியை மல்லாந்து படுக்க வைக்குமாறு சொல்லி, அவனுக்குச் செய்யவேண்டிய சிகிச்சையைத் தொடங்குகிறது. அவ்விடத்தில் எழுத்து நின்றுவிடுகிறது. படியெடுத்தவன் வாக்கியத்தை முடிக்கவில்லை. முதுகு வலிக்கு என்ன சிகிச்சை என்ற வினா, எழுதுகோல் ஓய்ந்த அவ்விடத்திலேயே நமக்காக நிற்பதுபோல் எனக்குத் தோன்றும்.

கிரேக்க நாட்டில் ஹிப்போகிரேட்டஸ் பெயரால் வழங்கும் நூல்களில் இடுப்பு வலியைப்பற்றிய குறிப்புகள் உள்ளன. நடுவயது கடந்த ஆடவருக்கு இது மிகுதியாக வருவதை அந்த வைத்தியர்கள் கவனித்திருந்தனர். ஆனால் இடுப்பு மூட்டின் நோயையும் நரம்பின் நோயையும் அவர்கள் வேறு பிரிக்கவில்லை. இரண்டும் ஒரே பெயருக்குள் அடங்கின. ஒற்றடமும் புகையும் உபவாசமும் அவர்களுடைய சிகிச்சைகள். அவற்றிற்கும் அடங்காவிட்டால் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டனர்.

நம் நாட்டு ஆயுர்வேத ஆசிரியர்கள் இந்நோயைக் கிருத்ரசி என்றனர். கிருத்ரம் என்பது கழுகு. நோயாளியின் நடை கழுகு தத்தி நடப்பது போல் இருப்பதால் அப்பெயர் வந்ததென்பர். சரகர் பெயரால் வழங்கும் நூல், வலி புட்டத்திலே தொடங்கி, இடுப்பு, முதுகு, தொடை, முழங்கால், கணைக்கால், பாதம் என்று படிப்படியாகப் பரவும் வழியைச் சொல்கிறது. சுசுருதர் பெயரால் வழங்கும் நூலோ, குதிகாலிலும் விரல்களிலும் உள்ள பெருநார்கள் வாதத்தால் தாக்குண்டு, காலை மேலே தூக்கவொட்டாமல் தடுக்கும் என்கிறது. வலியின் பாதையை ஒன்றும், கால் உயர மறுப்பதை மற்றொன்றும் பதிவு செய்தன. இன்றைய வைத்தியர் நோயாளியிடம் முதலில் காண்பதும் இவ்விரண்டையே. காரணத்தைப்பற்றிய கொள்கை வேறாக இருப்பினும், கண்ணால் கண்டதை அவர்கள் நேர்மையாக எழுதிவைத்தனர். மாணவர்கள் இதை மனத்தில் இருத்தவேண்டும்: கொள்கை காலத்துக்குக் காலம் மாறும், நேர்மையாகக் கண்டது நிலைக்கும்.

இடைக்காலத்தைக் கடந்து 1764ஆம் ஆண்டுக்கு வருவோம். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் டொமெனிக்கோ கொத்துன்யோ என்ற இளம் வைத்தியர் லத்தீன் மொழியில் ஒரு சிறு நூல் எழுதினார். அவருக்கு அப்போது வயது முப்பது நிரம்பவில்லை. இடுப்பு மூட்டின் வலி வேறு, நரம்பின் வலி வேறு என்று அந்நூல் தெளிவாகப் பிரித்தது. தொடையின் முன்புறம் ஓடும் நரம்பு வலியையும் பின்புறம் ஓடுவதையும்கூட அவர் பகுத்துக் காட்டினார். அதனால் இந்நோய்க்கு நெடுங்காலம் அவர் பெயரே வழங்கிற்று. ஆனால் காரணம் கூறுமிடத்தில் அவர் தவறினார். நரம்பின் உறையில் கெட்ட நீர் தேங்குவதே காரணம் என்று நம்பினார். அந்நீரை வெளியேற்ற, முழங்காலின் வெளிப்புறத்தில் நரம்பு தோலுக்கு அருகில் வரும் இடத்தில் மருந்து வைத்துக் கொப்புளம் எழுப்பினார். நோய் குடியிருக்கும் வீதியை அவர் கண்டுபிடித்துவிட்டார், வீட்டைத்தான் கண்டுபிடிக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு வைத்தியர் பலர் இவ்வலியை ஆராய்ந்தனர். 1841இல் வாலே என்பவர், நரம்பின் வழிநெடுக எந்தெந்த இடங்களில் அழுத்தினால் வலி மிகும் என்று குறித்தார். 1864இல் லாசேக், எளிதில் ஆறும் வகையையும் நாட்பட்டுத் தசையை மெலிவிக்கும் வகையையும் வேறு பிரித்தார். மல்லாந்து படுத்தவரின் காலை, முழங்கால் மடங்காமல் மெல்ல மேலே தூக்கும் சோதனை இன்று லாசேக் பெயரால் உலகெங்கும் வழங்குகிறது. விந்தை என்னவென்றால், தம் கட்டுரையில் அவர் அச்சோதனையை எழுதவேயில்லை. அவர் மாணவர் ஃபோர்ஸ்ட் என்பவர்தாம் 1881இல் அதை எழுதித் தம் ஆசிரியருக்குப் பெருமை சேர்த்தார்.

அதற்கு ஓராண்டு முன்பே, 1880இல், பெல்கிரேடு நகரத்து லாசரேவிச் என்ற செர்பிய வைத்தியர், ஆறு நோயாளிகளிடம் இச்சோதனையைச் செய்து பார்த்து, நரம்பு இழுபடுவதே வலிக்குக் காரணம் என்று சரியான விளக்கமும் எழுதியிருந்தார். அவர் செர்பிய மொழியின் சிறந்த சிறுகதை ஆசிரியர்களுள் ஒருவருமாவார். ஆனால் அவர் எழுதியது செர்பிய மொழியில். ஐரோப்பாவின் பெரிய பல்கலைக்கழகங்களில் அம்மொழி படிப்பார் இல்லை. 1884இல் அக்கட்டுரை ஜெர்மன் மொழியில் வந்தபோது, பெயர் வேறொருவருக்குச் சென்றிருந்தது. சிறிய மொழியிலும் பெரிய உண்மை எழுதப்படலாம் என்பதற்கு அவர் சான்று.

அக்காலத்திலேயே, நரம்பைத் திறந்து கையால் இழுத்து நீட்டும் அறுவைச் சிகிச்சையும் சில ஆண்டுகள் பரவியிருந்தது. நோயின் மூலம் தெரியாமல் கத்தியை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அஃது ஓர் எடுத்துக்காட்டு, விரைவில் வழக்கொழிந்தது.

மூலம் எங்கே இருந்தது? எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது நம் பழமொழி. எய்தவனை அவ்வப்போது சிலர் கண்டனர்; கண்டும் அடையாளம் தெரிந்துகொள்ளவில்லை. 1857இல் ஜெர்மானிய அறிஞர் விர்ஹோ, இறந்த ஒருவரின் உடலில் கிழிந்த தட்டைக் கண்டு எழுதினார். 1908இல் பெர்லினில் க்ரௌசேயும் ஓப்பன்ஹைமும் ஒரு நோயாளியின் முதுகைத் திறந்து, நரம்பை அழுத்திய பொருளை எடுத்தனர், நோயாளி நலமடைந்தார். ஆனால் அப்பொருளைக் குருத்தெலும்புக் கட்டி என்றே அவர்கள் கருதினர். பின்னர் டிரெஸ்டனில் ஷ்மோர்ல் என்பவர் ஆயிரக்கணக்கான முதுகெலும்புகளை அறுத்து ஆராய்ந்து, தட்டுகள் பிதுங்குவது அரிய செய்தியன்று என்று காட்டினார்.

இவ்வெல்லா இழைகளையும் ஒன்றாக முறுக்கியவர்கள் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மிக்ஸ்டரும் பாருமாவர். பனிச்சறுக்கு விளையாட்டில் அடிபட்ட ஓர் இளைஞருக்கு 1932 டிசம்பரில் மிக்ஸ்டர் அறுவை செய்தார். கட்டி என்று எண்ணி எடுத்த பொருள், ஆராய்ந்து பார்த்தால் தட்டின் துண்டாக இருந்தது. உடனே இருவரும் மருத்துவமனையில் முன்பு ‘கட்டி’ என்று சீட்டு ஒட்டி வைத்திருந்த மாதிரிகளை மீண்டும் எடுத்துப் பார்த்தனர். அவற்றுள்ளும் பல தட்டின் துண்டுகளே! சீட்டில் எழுதியதை நம்பாமல் மறுபடியும் பார்த்தார்களே, அங்கேதான் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. 1934இல் 19 நோயாளிகளின் விவரத்துடன் அவர்கள் எழுதிய கட்டுரை வைத்திய உலகையே திருப்பியது.

எய்தவன் அகப்பட்டான் என்ற மகிழ்ச்சியில், அடுத்த பல ஆண்டுகள் கத்தியின் காலமாயின. தட்டு பிதுங்கிற்றா? எடுத்துவிடு! காரணத்தை அகற்றினால் நோய் அகலும் என்பது நேரான தர்க்கந்தானே? ஆனால் இயற்கை நம் தர்க்கத்தைப்போல் அத்துணை எளிதாக இருப்பதில்லை.

முதலாவது வினா: பிதுங்கிய தட்டு எல்லாரிடமும் வலியை உண்டாக்குகிறதா? 1994இல் அமெரிக்காவில், முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தனர். 52 சதவீதம் பேரிடம் ஏதேனும் ஒரு தட்டாவது புடைத்திருந்தது. 27 சதவீதம் பேரிடம் பிதுங்கியே இருந்தது. அவர்கள் எவரும் வலி என்று சொல்லவில்லை. ஆகவே படத்தில் தெரிவதெல்லாம் நோயன்று.

இரண்டாவது வினா: அழுத்தம் ஒன்றுதானா காரணம்? 1993இல் ஸ்வீடனில் ஓல்மார்க்கர் குழுவினர் பன்றிகளிடம் ஒரு சோதனை செய்தனர். தட்டின் உட்பொருளை நரம்பு வேரின்மீது அழுத்தாமல் வைத்தனர். அப்படியும் நரம்பு பாதிக்கப்பட்டது. பிதுங்கிய பொருள் பாறையைப்போல் நசுக்குவது மட்டுமன்று; மிளகாயைப்போல் எரிச்சலும் ஊட்டுகிறது. எரிச்சல் என்றால், அது தானே தணியவும் கூடுமல்லவா?

மூன்றாவது வினா: பிதுங்கியது அப்படியே நின்றுவிடுமா? ஸி.டி. படமும் எம்.ஆர்.ஐ. படமும் வந்தபின், அறுவையின்றி விடப்பட்ட நோயாளிகளை மாதங்கள் கழித்து மீண்டும் படமெடுத்தனர். பலரிடம் பிதுங்கிய துண்டு சுருங்கியிருந்தது. சிலரிடம் மறைந்தே போயிருந்தது. உடம்பு அதை அயற்பொருளாகக் கருதித் தன் அணுக்களை ஏவிச் சிறிது சிறிதாகக் கரைத்துவிடுகிறது. பெரிய துண்டுகளே நன்றாகக் கரைகின்றன என்பது இன்னும் வியப்பு.

நார்வே நாட்டு வெபர் என்ற வைத்தியர் இவ்வழக்கை நீதிமன்றத்தில் நிறுத்துவதுபோல் நிறுத்தினார். அறுவை வேண்டுமா வேண்டாமா என்று துணியமுடியாத 126 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு கூறாக்கினார். ஒரு கூற்றாருக்கு அறுவை. மற்றவர்களுக்கு அறுவையல்லாத சிகிச்சை. 1983இல் முடிவை வெளியிட்டார். ஓராண்டில் அறுவை செய்துகொண்டவர்கள் மேலான நிலையில் இருந்தனர். நான்கு ஆண்டுகளில் அந்த வேற்றுமை பெரிதும் குறைந்துவிட்டது. பத்து ஆண்டுகளில் இரு கூற்றாரும் ஒப்பவே இருந்தனர். 2007இல் நெதர்லாந்தில் 283 பேரிடம் பெய்ல் குழுவினர் நடத்திய ஆராய்ச்சியும் இதையே உறுதிசெய்தது. விரைவில் அறுவை செய்துகொண்டவர்கள் விரைவில் நலமடைந்தனர். ஆனால் ஓராண்டு முடிவில் இரு பக்கத்திலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தனர். காத்திருந்தவர்களுள் 39 சதவீதம் பேர் இடையில் அறுவையை நாடினர் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கத்தி பயனற்றதன்று, அது காலத்தைச் சுருக்குகிறது. காலமோ, பெரும்பாலோருக்குத் தானே மருந்தாகிறது.

அப்படியானால் காத்திருக்கும் நாட்களில் செய்யவேண்டியது யாது? இங்கேதான் பழைய நம்பிக்கைகள் ஒவ்வொன்றாகச் சோதனைக்கு உள்ளாயின. எனக்கு வலி வந்தபோது, வீட்டுக்கு வந்த பெரியவர்கள் அனைவரும் ஒரே குரலில், “பலகையிலே ஆறு வாரம் அசையாமல் படு” என்றனர். வைத்தியர்களே ஒரு காலத்தில் அப்படித்தான் விதித்தனர். 1999இல் நெதர்லாந்தில் 183 நோயாளிகளிடம் இதை ஆராய்ந்தனர். ஒரு பிரிவினர் இரு வாரம் படுக்கையில் இருந்தனர். மற்றவர் இயன்றவரை நடமாடினர். இரு வாரத்தில் படுத்தவர்களுள் 70 சதவீதம் பேரும், நடமாடியவர்களுள் 65 சதவீதம் பேரும் தேறினர். இது பொருட்படுத்தத்தக்க வேற்றுமையன்று. பன்னிரண்டு வாரத்தில் இருபுறமும் சரியாக 87 சதவீதம்! படுக்கை நோயை விரட்டவில்லை. உடம்பின் வலிமையை மட்டும் அது கரைக்கக்கூடும்.

தேகப்பயிற்சியின் வரலாற்றில் ஒரு சுவையான நிகழ்ச்சி உண்டு. 1956இல் நியூசிலாந்து நாட்டில் ராபின் மெக்கென்சி என்ற இயன்முறைச் சிகிச்சையாளரிடம் முதுகிலிருந்து முழங்கால் வரை வலியுள்ள ஒருவர் வந்தார். உள்ளே போய்க் குப்புறப் படுத்திருக்கும்படி சொன்னார் மெக்கென்சி. முன்பு வந்த நோயாளிக்காக மேசையின் ஒரு முனை உயர்த்தப்பட்டிருந்தது. அதை யாரும் இறக்கவில்லை. வந்தவர் முதுகு பின்னோக்கி வளைந்த நிலையிலேயே கிடந்தார். சில நிமிடம் கழித்து வந்த மெக்கென்சி திடுக்கிட்டார். நோயாளியோ, கால் வலி போய்விட்டது என்றார். மறதியால் நேர்ந்ததை மெக்கென்சி மறக்கவில்லை. கால் வலி முதுகை நோக்கிச் சுருங்கி வருமானால் அது நல்ல அறிகுறி என்று கண்டு, எந்த அசைவில் யாருக்கு அவ்வாறு சுருங்குகிறது என்று ஆராய்ந்து ஒரு முறையையே வகுத்தார். அம்முறை எல்லாருக்கும் பலிப்பதில்லை. பயிற்சிகளின் பயன் அளவானதே. எனினும், நோயாளியைக் கிடத்தாமல் அவரையே தம் சிகிச்சையில் பங்குகொள்ளச் செய்தது அதன் சிறப்பு.

மருந்துகளைப்பற்றியும் ஒரு சொல். 1901இல் பாரிஸில் சிக்காரும் கத்தலேனும் முதுகெலும்பின் கீழ்முனை வழியாக மரப்பு மருந்தைச் செலுத்தும் முறையைத் தொடங்கினர். 1950களில் ஸ்டீராய்டு மருந்தையும் அவ்வாறு செலுத்தலாயினர். கடும் வலியில் அது சிலருக்குச் சிறிது காலம் ஆறுதல் தருகிறது. நெடுங்காலப் பயன் இல்லை. நரம்பு வலிக்குப் பெரிதும் வழங்கிய பிரிகாபலின் மாத்திரையை 2017இல் ஆஸ்திரேலியாவில் 209 பேரிடம் சோதித்தனர். வெறும் மாவு மாத்திரையைவிட அது சிறந்ததாகக் காணப்படவில்லை, தலைசுற்றலே மிகுந்தது.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்வது என் கடமை. காத்திருத்தல் எல்லாருக்கும் பொருந்தாது. சிறுநீரையோ மலத்தையோ அடக்கவோ கழிக்கவோ முடியாமற் போனாலும், இரு தொடைகளுக்கும் இடையே உணர்வு மரத்தாலும், இரு கால்களும் வலுவிழந்தாலும், பாதம் தொங்கி நடையில் தரையைத் தேய்த்தாலும், அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். அங்கே தாமதம் நிரந்தர ஊனத்தில் முடியக்கூடும், அறுவைதான் காப்பாற்றும். வலியுடன் காய்ச்சலோ, காரணமில்லாத உடல் மெலிவோ இருந்தாலும் வைத்தியர் உடனே பார்க்கவேண்டும். ‘கத்தி வேண்டாம்’ என்பது ஒரு கட்சியன்று. சோதித்துப் பார்த்துப் பெற்ற முடிவு. அதற்கு எல்லை உண்டு.

என் கதைக்கு வருகிறேன். தஞ்சையில் என்னைப் பார்த்த வைத்தியர் என் காலைத் தூக்கிப் பார்த்தார். பாதத்தின் வலுவைச் சோதித்தார். சுத்தியலால் குதிகாலின் மேல் தட்டினார். “ஐயா, வலு குறையவில்லை. இப்போது படமும் வேண்டாம், பலகையும் வேண்டாம். வலி பொறுக்கும் அளவுக்கு நடந்துகொண்டே இருங்கள், நெடுநேரம் உட்காராதீர்கள். ஆறு வாரத்தில் பார்ப்போம்” என்றார். ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் அறிவு அந்த நான்கு வாக்கியங்களில் இருந்தது என்பது எனக்கு அன்று தெரியாது. பத்தாம் வாரத்தில் வலி கெண்டைக்காலைவிட்டு ஏறியது. மூன்றாம் மாத முடிவில் நின்றது. சுண்டுவிரலின் ஓரத்தில் சிறிது மரப்பு மட்டும் இன்றும் இருக்கிறது.

அவ்வாண்டே கணித ஆசிரியரைத் தேடிக் கும்பகோணத்துக்கு அருகிலுள்ள அவர் வீட்டுக்குச் சென்றேன். அன்போடு வரவேற்றார். நான் வந்த காரணத்தைச் சொல்லி, “உங்களை நம்பாதது என் குற்றம்” என்றேன். அவர் எழுந்து உள்ளே போய்ப் பழைய கோப்பு ஒன்றை எடுத்துவந்தார். நான் கொடுத்த குறிப்பாணை மடிப்புக் கலையாமல் அதில் இருந்தது. “கிழித்துவிடுங்கள்” என்றேன். “இருக்கட்டும், சார். வலி எனக்கு நான்கு மாதத்தில் போய்விட்டது. இதுதான் போகவில்லை” என்றார். பிறகு காபி கொடுத்தார். வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம், அதைப்பற்றி மட்டும் மீண்டும் பேசவில்லை.

மாணவ நண்பர்களே! உங்கள் வயதில் இந்நோய் மிகுதியாக வருவதில்லை. ஆகவே இதை உங்கள் உடம்புக்காக மட்டும் சொல்லவில்லை. உங்களுள் சிலர் வைத்தியராவீர்கள், சிலர் ஆசிரியராவீர்கள், சிலர் பிறருடைய விடுப்பு விண்ணப்பத்தில் கையொப்பமிடும் நாற்காலியில் அமர்வீர்கள். ஒருவர் உங்கள்முன் வந்து, வலிக்கிறது என்பார். வலிக்கும் இடத்தில் ஒன்றும் தெரியாது. அப்போது, சீட்டு ஒட்டிய மாதிரியை மறுபடியும் எடுத்துப் பார்த்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று எழுதிவிடாதீர்கள். எழுதியது எளிதில் அழிவதில்லை.